கால் வலித்தது, உட்கார்ந்தேன்

அண்ணி வேலை பார்த்தது மேசை நாற்காலி விற்கும் கடையில். கடை முழுக்க சோபாவும் சாய்வு நாற்காலியும்தான், ஆனால் விற்கிற பெண்கள் எதிலும் உட்காரக் கூடாது. காலையில் கதவு திறந்ததிலிருந்து விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். வருகிறவர்களிடம், "உட்கார்ந்து பாருங்க, மேகம் மாதிரி இருக்கும்" என்று அந்த ஊர் மொழியில் மனப்பாடமாகச் சொல்வது அண்ணியின் பொறுப்பு. "மேகத்துல நான் என்னிக்கு உட்காந்தேன்?" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பார், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டே.

ஒரு மதியம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், பச்சை சோபா ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். மறுநாள் வேலை போயிற்று. வேலையிழந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு மனுப் போட்டோம். இல்லை என்றுவிட்டார்கள். தவறான நடத்தையால் வேலை போனவர்களுக்கு அது கிடையாதாம். சோபாவில் உட்கார்ந்தது தவறான நடத்தையாம்.

அண்ணன் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். அண்ணி சம்பளத்தில்தான் வாடகை போய்க்கொண்டிருந்தது.

மேல்முறையீடு செய்வோம் என்றார் அண்ணி. எனக்குத் தயக்கம். பிழைக்க வந்த இடத்தில் அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்பதா? ஆனால் அந்த ஊர் மொழி சரளமாக வருவது வீட்டில் எனக்கு மட்டும்தான். மொழிபெயர்க்க நான் போயே ஆகவேண்டும். போகிறதுதான் போகிறோம் என்று ஒரு வழியும் யோசித்து வைத்தேன்.

"அண்ணி, ஒரு கஸ்டமர் கேட்டாரு, அவருக்குக் காட்டத்தான் உட்காந்தேன்னு சொல்லிடலாம்."

"யாரு அந்தக் கஸ்டமர்?"

"யாரோ. தேடியா பாக்கப் போறாங்க?"

"கால் வலிச்சுது, உட்காந்தேன். இதுக்குப் போய் இல்லாத ஒரு ஆளைப் பெத்துப் போடணுமா தம்பி?"

அண்ணன் படுக்கையிலிருந்தே, "விடுடா. நானே இவகிட்ட வாய் குடுத்து ஜெயிச்சதில்ல" என்றார்.

விசாரணை ஒரு சின்ன அறையில். எதிரே மேனேஜர், நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கையில் சுழற்றியபடி ஒரு பெண் அதிகாரி. ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார். அண்ணி சொன்னார். நான் வாயைத் திறந்தேன். இல்லாத கஸ்டமர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டார். மேசைக்கடியில் அண்ணி என் காலை மிதித்தார்.

"நான் சொன்னதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.

இவரை விட்டால் நாளைக்கு எல்லாரும் உட்காருவார்கள் என்றார் மேனேஜர்.

"உட்காரட்டுமே! நாங்க உட்காந்தா சோபாவுக்கு வலிக்குமா?"

அண்ணி கேட்டதை மொழிபெயர்த்தேன். அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் கொஞ்சம் இறங்கியும் வந்தார். செய்தது தவறு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்னால் போதும், சின்னப் பிழையாக எடுத்துக்கொண்டு உதவித்தொகையைக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரே வார்த்தை அண்ணி. வாடகை வந்துரும்."

"வேலையை விட்டே துரத்தியாச்சு. இனிமே எங்க போய் உட்கார மாட்டேன்னு சத்தியம் பண்றது?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

அண்ணி மேசைக்கடியில் ஒரு காலால் மறு காலைத் தேய்த்தார். அண்ணனை நினைத்திருப்பார்.

"அங்க இன்னும் நாலு பொண்ணுங்க நிக்குதுங்க தம்பி. நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா அதுங்க தலையிலயும் சேத்துத்தான் விடியும். கால் வலிச்சா திரும்பவும் உட்காருவேன். அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய முடிவில் மாற்றமில்லை என்றார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீங்களே! அண்ணன்கிட்ட என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுவோம். இவங்களுக்கு மேல யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க. பெரிய ஆபீஸ். ஆனா அங்கெல்லாம்..."

"அங்க எந்த பஸ் போகும்?"

தெரியாது என்றேன். அதற்குள் அண்ணி, அரைகுறை மொழியும் கைஜாடையுமாக, வாசல் காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.