கோயில்பிள்ளை மைக்கேல் தன் சாவைச் சொன்ன கதை

தேவதானத்துக்கு மேற்கே ஓடைக்கரையில் எங்கள் தெரு. நாற்பது வீடுகள், ஒரு மாதா கோயில். கோயிலைத் திறந்து பூட்டுவதும் மணியடிப்பதும் கோயில்பிள்ளை மைக்கேலின் வேலை. போதாக்குறைக்கு, வெள்ளம் வந்தால் ஊரை எச்சரிக்கும் பொறுப்பையும் அதிகாரிகள் அவர் தலையில் கட்டினார்கள். கூடவே ஒரு விசிலும் ஆரஞ்சு நிறச் சட்டையும் கொடுத்தார்கள். சட்டை அவருக்கு முழங்கால் வரை வந்தது.

எங்கள் ஓடையின் குணம் அப்படி. மழை மலையில் பெய்யும், கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். வடகம் காயப்போட்டுக் கொண்டிருப்பவர்களிடம் போய் வெள்ளம் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

போன முறை தண்ணீர் வந்தபோது மைக்கேல் கோயில் மணியை விடாமல் அடித்தார். நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ செத்துவிட்டார்கள். போட்டது போட்டபடி ஊரே கோயிலுக்கு ஓடியது. கோயில் இருப்பதோ ஓடையை ஒட்டிய பள்ளத்தில். "யாரு செத்தா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இடுப்பளவு தண்ணீர். பீடத்தின் மேல் ஏறி நின்று தப்பித்தோம். மக்களை ஒரே இடத்தில் திரட்டியதற்காக மைக்கேலுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அந்தக் கோயிலையே நிவாரண மையம் என்றும் எழுதிக்கொண்டு போனார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மைக்கேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை ஓர் உயிர் போனாலும் அது தன்னால் போனதுதான் என்று பயந்துகொண்டே இருந்தார்.

இந்த ஐப்பசியில் ஒரு காலை மலையடிவாரத் தோப்பிலிருந்து அவருக்குப் போன் வந்தது. ஓடை பொங்கி இறங்குகிறது, அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடும். மைக்கேல் மணியைத் தொடவில்லை. விசிலை ஊதிக்கொண்டு தெரு நெடுக ஓடி, மேட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினார்.

"செத்த நேரம் பொறுங்க, சோத்தை வடிச்சிட்டு வாரோம்" என்றார்கள். வெயில் வேறு பிரமாதமாக அடித்தது.

எங்கள் ஊரை நகர்த்தக்கூடியது சாவு ஒன்றுதான். சாவு விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அந்த நிமிடமே போக வேண்டும். பிந்திப் போனால் காலத்துக்கும் பேச்சு. மைக்கேல் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். ஊர்ச் சாவுகளை மைக் கட்டிய ஆட்டோவில் அறிவிக்கும் பெலிக்ஸ் அங்கேதான் நின்றிருந்தார்.

"ஏலே பெலிக்சு, ஒரு சாவு சொல்லணும். பிரேதம் பள்ளிக்கூடத்துல இருக்குன்னு சொல்லு."

"யாரு அண்ணாச்சி?"

அடுத்தவர் பேரைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "என் பேரையே சொல்லு."

ஆட்டோ ஒரு சுற்று வருவதற்குள் தெரு காலி. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு மேடேறினார்கள். விசிலுக்கு அசையாத ஐயாதுரை, கொதிக்கிற உலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். பள்ளிக்கூட வாசலில் பிரேதமே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. முதலில் அலறினோம், பிறகு ஏசினோம். ஏசி முடிப்பதற்குள் கீழே தண்ணீர் தெருவுக்குள் நுழைந்தது.

எண்ணியதில் ஒரு தலை குறைந்தது. மைக்கேலின் மனைவி பரிபூரணம் அக்கா வரவில்லை.

ஊரையெல்லாம் காப்பாற்றக் கிளம்பிய மனுசன், சொந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர் கீழே ஓடினார். கயிற்றை எடுத்துக்கொண்டு நானும் ஐயாதுரையும் பின்னால் ஓடினோம். தெருமுனையில் மார்பளவு தண்ணீரில், வேப்பமரத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்தபடி நின்றாள் அக்கா. மறுகையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு துணிப்பை. கயிறு வீசி இழுத்தோம்.

கரையேறியதும் பையை அவர்மேல் விட்டெறிந்தாள். உள்ளே அவருடைய கல்யாணப் பட்டு வேட்டியும் சட்டையும் துளி நனையாமல் இருந்தன. பெட்டியின் அடியில் தேடி எடுக்கத்தான் அவ்வளவு நேரம் பிந்தியிருக்கிறாள். பழைய கைலியோடு அவரை அடக்கம் பண்ண அவளுக்கு மனசில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டுச் சாகத் தெரியுதுல்லா உங்களுக்கு" என்றாள், பல் கிடுகிடுக்க. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாகக் கூடாதா?"