ஸ்டிக்கர் இல்லாத ரத்தம்

தாம்பரத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வார்டில், எச்.ஐ.வி. என்று தெரிந்தவரின் கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் இருந்தால் இரண்டு ஜோடி கிளவுஸ். இல்லாவிட்டால் வெறும் கை. லாரி டிரைவர் வந்தால் மட்டும் ஸ்டிக்கர் இல்லாமலே கிளவுஸைத் தேடுவோம். ஆளைப் பார்த்தே ரத்தத்தைச் சொல்லிவிடும் மேதாவிகள் நாங்கள்.

ஒரு மாதம், வார்டுக்கு வந்த எல்லோருடைய மிச்ச ரத்தத்தையும், பெயரை நீக்கிவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று லேபில் சோதித்தார்கள். அந்த மாதம் நாங்கள் ஒட்டியது ஒரே ஒரு ஸ்டிக்கர்தான்.

"ஒண்ணு இல்லக்கா, அதுக்கு மேல வருது" என்றார் லேப் டெக்னீஷியன்.

"மத்தவங்க யாரு?" என்று கேட்டார் எங்கள் சீனியர் நர்ஸ்.

"டியூப்ல பேரே இல்லியேக்கா. யாருக்குத் தெரியும்?"

மதியத்துக்குள் வார்டில் கிளவுஸ் பெட்டி காலியானது. எனக்கு மட்டும் அது போதவில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில், பெருங்களத்தூரில் பைக்கிலிருந்து விழுந்து வந்த ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்ததில் ஊசி என் விரலில் குத்திவிட்டது. உடனே சொல்லியிருந்தால், மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி கார்டு, "சாரி சிஸ்டர், வலிக்குதா?" என்று கேட்ட மரியாதை. இவருக்கெல்லாம் இருக்காது என்று விரலைக் கழுவிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன்.

அவருடைய டியூபும் அந்தப் பெயரில்லாத டியூப்களோடுதான் லேபுக்குப் போயிருந்தது.