மைலேஜ் அக்காவும் பல் டாக்டர் வீட்டு வண்டியும்

கார் ஷோரூமில் அவருக்கு வைத்த பெயர் மைலேஜ் அக்கா. கிண்டலாகத்தான் வைத்தார்கள், அவர் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார். "வண்டி சொன்ன அளவு கொடுக்க மாட்டேங்குது" என்று யாராவது வந்து நின்றால், விற்பனைப் பிரிவில் இருக்கிற அத்தனை பேருக்கும் எங்கிருந்தோ போன் வந்துவிடும். மிஞ்சுவது அவர் ஒருவர்தான்.

சேர்ந்த புதிதில் போன் எடுப்பதுதான் அவருக்கு வேலை. நாளெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று ஒருநாள் கீழே ஒர்க்‌ஷாப்புக்கே இறங்கிப் போனார். ஜனங்கள் எதைச் சொல்லித் திட்டுகிறார்கள், அது ஏன் அப்படி ஆகிறது என்று மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஓட்டக் கற்றார். ஆள் குள்ளம். ஆனாலும் அங்கே இருந்ததிலேயே பெரிய வண்டியில், முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஏறினார். இதை ஓட்டிவிட்டால் மற்றதெல்லாம் பொம்மை வண்டி என்பது அவர் கணக்கு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவர் கணவர், "வெளியிலேர்ந்து பாத்தா வண்டி தானா போற மாதிரி இருக்கு" என்றார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "அலுங்காம ஓட்டறேன்னு அர்த்தம்" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் பல் டாக்டர் அம்மா ஷோரூமுக்குள் விறுவிறுவென்று வந்தார். பின்னாலேயே அவர் கணவர், வயலின் வாத்தியார். போன வருஷம் இவர்கள் வாங்கியது ஏழு பேர் உட்காரும் வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். டாக்டரின் கிளினிக் மலைச்சரிவில் இருந்தது. தினமும் அவரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது வாத்தியார்தான். மழை பெய்தால் அந்தப் பாதை களிமண் குழம்பாகிவிடும். சின்ன வண்டிகள் பாதியிலேயே கையை விரித்துவிடும்.

"லிட்டருக்கு ஏழுதான் கொடுக்குது. பதினொண்ணு வரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"நாங்கதான் சொன்னோம் மேடம். இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"உங்களுக்கு ஏழு வருதுங்கறதும் நிஜம்தான். நடுவுல நாலு எங்க போகுதுன்னு பாத்துடலாம்."

"பாருங்க. சரியா தெரியலன்னா இத குடுத்துட்டு சின்னதா ஒண்ணு எடுத்துக்கப் போறேன். மழைக்கு ஆட்டோ வச்சுக்கறேன்."

பின்னால் நின்ற வாத்தியார் பதறிப்போனார். "ஐயோ, அதெல்லாம் வேணாம்மா. தங்கமான வண்டி இது."

மைலேஜ் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோல் செலவைப் பற்றிப் புலம்பாத கணவரை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

டயர்களில் காற்று சரியாக இருந்தது. பிரேக் எதுவும் பிடித்துக்கொண்டு உரசவில்லை. ஃபில்டர் சுத்தம். இனி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. "வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பாரம் இருந்தாத்தான் உண்மை தெரியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். டாக்டரின் அப்பா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் உலகத்துக்கே மந்தம் என்று நினைத்துக் கத்திப் பேசுகிறவர். நடுவில் டாக்டரும் அவர் தங்கையும். அவர்கள் பேச்சில் புள்ளி வைக்க இடமே இல்லை. கடைசி வரிசையில் டாக்டரின் இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும், ஜன்னல் யாருக்கு என்ற சண்டையோடு. அவர்களுக்கு நடுவில் வாத்தியார். பெட்ரோல் பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு மைலேஜ் அக்கா வண்டியை எடுத்தார். டவுனைச் சுற்றி, மலைப்பாதை ஏறி, இறங்கி வந்தார். வழி முழுக்கத் தாத்தா போனில் யாருக்கோ வழி சொன்னார், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு. கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திரும்ப அதே பங்குக்கு வந்ததும் கும்பல் இறங்கி டீ குடிக்கப் போனது. வாத்தியார் இறங்கவில்லை. நடு வரிசைக்கு நகர்ந்து கதவை இழுத்துச் சாத்தினார். 'டப்' என்று கனமாக ஒரு சத்தம். அவ்வளவுதான், அந்த முகம் சுருக்கம் எடுத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது.

மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பதினொன்று. கொஞ்சம் கூடவே.

அக்கா ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டில் வண்டி வாங்கின நாளிலிருந்து சேர்ந்த கணக்கைத் தட்டிப் பார்த்தார். சராசரி வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். மாட்டு வண்டிகூட வருத்தப்படும் வேகம். மலைப்பாதை போக, தினமும் போகிற மற்ற சாலையோ நல்ல அகலமானது.

"சார்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "வண்டி நின்னுக்கிட்டே ரொம்ப நேரம் ஓடியிருக்கு. ஏசி போட்டுக்கிட்டு எங்க உக்காந்திருக்கீங்க?"

பின்னாலிருந்து நீண்ட பெருமூச்சு வந்தது.

"எங்க அடுக்குமாடிக்குப் பக்கத்துல ஒரு காலி மனை. சாயங்காலம் அங்க நிறுத்திக்குவேன். காலைலேர்ந்து குழந்தைங்க வயலினை அறுக்கறதைக் கேக்கறேங்க. அறுக்கறதுன்னா நிஜமாவே அறுக்கறது. வீட்டுக்குப் போனா... நீங்களே பாத்தீங்களே. கதவைச் சாத்தினா ஒரு அமைதி வருது பாருங்க. ஒரு மணி நேரம். அவ்ளோதான்."

"அந்த ஒரு மணி நேரத்துல ஒன்றரை லிட்டருக்கு மேல குடிச்சிடும் சார். நீங்க தூங்கற நேரத்துல அது முழிச்சிருந்து வேல செய்யுது."

"அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. இல்லன்னா வண்டியைக் குடுத்துடுவாங்க. அப்புறம் சின்ன வண்டியில எல்லாரும் உங்க மடியிலதான்."

அந்தப் படம் வாத்தியாருக்கு மனதில் ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கினார்.

டீக்கடை ஓரமாக மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மைலேஜ் அக்கா தள்ளி நின்றாலும் டாக்டரின் குரல் நன்றாகவே கேட்டது.

"ஒரு மணி நேரமா? வகுப்பு முடிய லேட்டாகுதுன்னு சொன்னது இதுதானா?"

"ஆமா."

"வண்டிக்குள்ள தூங்கறதுக்கு?"

"ஆமாம்மா."

டாக்டர் இடுப்பில் கைவைத்தபடி அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி பேஷன்ட் போனதும் நான் உங்களுக்கு போன் பண்றதில்ல. பேஷன்ட் நாற்காலியைச் சாய்ச்சுட்டு அதுலயே படுத்துக்கறேன். லைட்டையும் அணைச்சுடுவேன். அப்புறம்தான் 'வாங்க'ன்னு கூப்பிடறது."

"அடிப்பாவி! தினமுமா?"

"உங்களுக்கு மட்டும்தான் காது இருக்கா?"

அதன் பிறகு வண்டியை விற்கிற பேச்சே எழவில்லை. வாத்தியார் வகுப்பு முடிந்ததும் நேராக மலையேறிப் போய் என்ஜினை அணைத்துவிடுகிறார். நோயாளிகள் போன பிறகு கிளினிக் கதவை உள்ளே தாழிட்டு, அவர் வரவேற்பறை சோஃபாவிலும் அந்த அம்மா சாய்வு நாற்காலியிலுமாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் சுகமாகக் கிடக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்கிற காரணம்: மலைப்பாதையில் டிராஃபிக்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். "பத்தரை வருது அக்கா."

"மிச்ச அரை எங்க போகுது?"

"மழை நாள்ல வண்டியை அணைக்க அவருக்கு மனசு வரல. விட்டுடுங்க, பொழச்சுப் போகட்டும்."

இந்தக் கதை மேனேஜர் காதுக்குப் போனதும், அவர் மைலேஜ் அக்காவை விற்பனைப் பிரிவுக்கே மாற்றினார். இப்போது பெரிய வண்டி கேட்டு வருகிற குடும்பங்களை அவர்தான் உட்கார வைக்கிறார். எத்தனை பேர், ரோடு எப்படி என்றெல்லாம் வழக்கம்போலக் கேட்கிறார். கடைசியாக, வீட்டில் சத்தம் அதிகமா என்றும் கேட்கிறார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது, யாருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று அவருக்குக் கிட்டத்தட்டத் தெரிந்துவிடுகிறது.