கறையின் மேல் பட்டாம்பூச்சி

சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த பழந்துணியின் ஆவியும் அச்சு மையில் கலந்த மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து தொண்டையில் இறங்கும். என் பதினைந்தாம் வயதை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில், கோவில்பதாகையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தொழில் நடத்திய அத்தைக்கு உதவியாக அம்மா என்னை உட்காரவைத்தாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்களிடம் அத்தை மூட்டை எடுப்பாள். துவைத்து, கறை இருக்குமிடத்தில் அச்சு ஸ்கிரீனை வைத்து, ரப்பர் கட்டையால் மையை இழுத்துப் பட்டாம்பூச்சி பதித்து, பிறகு வெட்டிக் குழந்தைகளுக்கு "கவுன்" தைப்பாள். ஈர மையில் தூசி ஒட்டும் என்று ஜன்னலும் கதவும் சாத்தியே இருக்கும். பள்ளித் தோழிகள் தெருவில் பேசிக்கொண்டு போவது காதில் விழும். எழுந்து பார்க்க முடியாது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே என் பள்ளிக்கூட நீலப் பாவாடையைப் பார்த்தேன். மசிக்கறை இருந்த இடத்தில் மூன்று வெள்ளைப் பட்டாம்பூச்சிகள்.

"உங்கம்மாதான் குட்த்தா. உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் அத்தை.

அம்மாவிடம் ஓடினேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ஊட்ல கீற பொண்ணுக்கு யூனிஃபாரம் எதுக்கு?"

விடுமுறை முடிந்தால் பள்ளிக்குப் போய்விடலாம் என்றே அதுவரை நம்பியிருந்தேன். மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பியதும், தண்ணீர் பிடிக்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு, அந்தப் பாவாடையையே கட்டிக்கொண்டு, பட்டாம்பூச்சிகளைப் பையால் மறைத்தபடி பள்ளிக்கு நடந்தேன். வாசலில் நின்ற டீச்சர் பையை விலக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? நாளைக்கு ஒழுங்கான யூனிஃபார்ம்ல வா."

கோபமில்லாமல்தான் சொன்னார். என்னிடம் வேறு பாவாடை இல்லை. வாசலிலிருந்தே திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டாள். உடை மாற்றிக்கொண்டு வந்து, பாவாடையைப் பலகையில் விரித்து, கத்தரிக்கோலை நானே எடுத்தேன். அத்தை தடுக்கவில்லை; கதவைச் சாத்தினாள். அதில் இரண்டு கவுன்கள் வந்தன. கல்யாணம் ஆகும்வரை, ஆறு வருடம், அந்த அறையில்தான் இருந்தேன்.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். துணி மூட்டையோடு வரும் பெண்களும் இல்லை. அந்த அறை இடிந்துபோனதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நாற்பது வயதில் தனித்தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்பு தேறினேன். மதிப்பெண் பட்டியலோடு வீட்டுக்கு வந்த அன்று, அதைக் காட்ட அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை.