ஞாயிற்றுக்கிழமைக் காவல்

போன வருஷம் தவக்காலத்தின் இரண்டாவது ஞாயிறு. ஆராதனை முடிந்து, வழமைபோல கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, பதினொன்றே கால் போல வீட்டுக்கு வந்தேன். கேற்றில் ஆமைப்பூட்டு போட்டபடி இருந்தது. முன்கதவும் பூட்டினபடியே இருந்தது. திறந்து உள்ளே போனால், குசினிக்குள், அடுப்புக்கு மேல் வெயில் அடிக்கிறது. அண்ணாந்து பார்த்தேன். நாலைந்து ஓடுகளைக் கழற்றி, ஒன்றும் உடையாமல் ஒரு பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான் கள்ளன்.

அறைக்கு ஓடினேன். அலுமாரி திறந்து கிடந்தது. என் மனைவி ஞானமலரின் சீலைகள் எல்லாம் நிலத்தில் கிடந்தன. அந்தச் சீலைகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் பேணிக்குள், அவளுடைய தாலிக்கொடியை வைத்திருந்தேன். பேணி இருந்தது. கொடி இல்லை.

அவள் ஆண்டவரிடம் போய் அப்போது மூன்று வருஷம். சீலைகளை மடிக்கத் தெரியாமல், அதற்கு நடுவில் நிலத்தில் இருந்து அழுதேன். கூப்பிட்டுச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்தச் சாட்சியில் எழுத்துப் பிழை இருந்தால் எங்கள் சபைப் போதகர் ஐயா திருத்துவார், கதையை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். பதினான்கு வயதில் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு சுரண்டப் போனவன். பார்த்துப் பார்த்து வெல்டிங் பிடித்து இரும்பு ஒட்டப் பழகினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிறகு சொந்தப் பட்டறை போட்டேன். இன்றைக்குத் திருகோணமலைப் பட்டணத்தில் பாதி வீட்டுக் கேற்றும் யன்னல் கிறில்லும் என் கையால் ஒட்டினவை. மூதூரில் இருந்தும் கந்தளாயில் இருந்தும் ஆள் தேடி வரும். தொழில் தெரிந்தவனுக்கு இங்கே சொல்கிறபடி, சின்னவர் பெரியவர் எல்லோரும் என்னை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் கிறில்லை உடைத்து ஒரு கள்ளன் உள்ளே போனதாக இதுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. என் வீட்டிலும் அவன் கிறில்லை உடைக்கவில்லை, ஓட்டைத்தான் கழற்றினான் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊருக்கெல்லாம் காவல் செய்து கொடுத்தவன் வீட்டிலேயே களவு போய்விட்டது. எனக்கு வந்த வெட்கத்தை நினைத்துப் பாருங்கள்.

பொலிசில் இருந்து ஒரு இளம் தம்பி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற மதிலைத் தட்டிப் பார்த்தார். எட்டடி மதில். மேலே உடைந்த போத்தல் துண்டு பதித்தது.

“இது ஆர் ஐயா கட்டினது?”

“நான்தான்,” என்றேன்.

“கள்ளனுக்கு நல்ல வசதி. இதுக்குள்ள நிண்டு ஓடு கழட்டினா ரோட்டால போறவனுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. அவன் அவசரப்படவே இல்லை ஐயா. உங்கட பிரிஜ்ஜில இருந்த சோடாவையும் குடிச்சிட்டுத்தான் போயிருக்கிறான்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்த மதிலின் கதையையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் முன்பு தகர வேலிதான் இருந்தது. வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி. பக்கத்து வீட்டில் நசீரா, அவருடைய கணவர் காசிம். கிண்ணியாவில் இருந்து வந்து குடியேறின ஆட்கள். காசிம் மீன் வியாபாரம். நசீராவும் என் மனைவியும் இருபது வருஷமாக அந்தப் பொட்டுக்குள்ளால் கறிக்கோப்பை மாற்றினவர்கள். ஞானமலர் போன பிறகு, இனி யாருக்குப் பொட்டு என்று நினைத்தேன். பாதுகாப்பும் வேண்டும்தானே? வேலியைப் பிடுங்கிவிட்டு மதிலை எழுப்பினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றையில் இருந்து நசீரா என்னோடு கதைப்பதில்லை.

களவுக்குப் பிறகு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். நாற்பது வருஷமாக முதல் வரிசை வாங்கில் இருந்தவன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு பாஸ் வீட்டில் இருக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். கள்ளனுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் அந்த நேரத்தில் கதிரையைப் போட்டு விறாந்தையில் இருந்தேன். மணி அடிப்பது கேட்கும். போதகர் ஐயா வந்து கதைத்துப் பார்த்தார்.

“பாஸ், கல்லையும் ஓட்டையும் நம்பி ஆராதனையை விடலாமோ?”

“ஐயா, உங்கட பங்களாவுக்குக் கிறில் போட்டதும் நான்தான். அதைக் கழட்டிப்போட்டு வந்து இதைச் சொல்லுங்கோ,” என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அப்படிக் கதைத்தது பிழை. இதில் வைத்தே மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கு ஒரே மகள், கனடாவில். அவள் இங்கே ஆள் பிடித்து வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கமரா பூட்டுவித்தாள். அங்கே இருந்தபடி போனில் என் வீட்டைப் பார்க்கலாமாம். நான் குசினிக்குள் போவதும் வருவதும் அவளுக்குத் தெரியும். எனக்கு அவள் முகம் தெரியாது. ஒரு சுண்டு அரிசி போட்டு, பகலும் இரவும் அதையே சாப்பிட்டுக்கொண்டு இருப்பேன். சில நாள் அந்தக் கமராவைப் பார்த்துக் கை காட்டுவேன். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. பிள்ளை நித்திரையாக இருப்பாள். இருந்தாலும் காட்டுவேன்.

ஒரு நாள் அவள் போன் எடுத்துச் சொன்னாள்: “அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ. பாஸ்காப் பண்டிகை முடிய நான் ஒரு ஆளை அனுப்பிறன், விலை பேசுவம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த வீட்டின் ஒவ்வொரு கம்பியும் நான் வளைத்தது. ஞானமலர் கண்ணை மூடினதும் அந்த அறையில்தான். விற்றுவிட்டு நான் எங்கே போவது? ஆனால் இப்படிக் காவல் இருந்து சாவதா? ஆராதனை இல்லாமல், ஆள் முகம் இல்லாமல்?

குருத்தோலை ஞாயிறு வந்தது. எங்கள் சபை ஒவ்வொரு வருஷமும் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால்தான் வரும். முன்னுக்குச் சிலுவை பிடித்து வருகிறவன் நான்தான். அந்த வருஷம் நான் பூட்டின கேற்றுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் பாடிக்கொண்டு போனார்கள். சிலர் கை காட்டினார்கள். சிலர் என்னைப் பார்க்காததுபோல் போனார்கள். பாட்டுச் சத்தம் தூரப் போய், பிறகு காகச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த இடத்திலேயே முழந்தாளில் நின்றேன். வாய்விட்டு ஜெபித்தேன். “ஆண்டவரே, எனக்கு ஒரு ஆளை அனுப்பும். இந்த வீட்டுக்குக் காவலாக ஒரு ஆள். நல்ல உடம்புள்ளவனாக இருக்கட்டும். குடிக்காதவனாக இருக்கட்டும். ஏலுமென்றால் எங்கள் சபை ஆளாக இருக்கட்டும்.” கேற்றுக்கு அளவு கொடுப்பதுபோல ஆண்டவருக்கும் அளவு கொடுத்தேன். கடைசியில் அழுகை வந்து, “தனிய இருக்க ஏலாது ஆண்டவரே,” என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல நான் நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். எழும்பி விறாந்தைக்கு வந்து பத்து நிமிஷம் போயிருக்காது. கேற்றில் கதிரைக் காலால் தட்டுகிற சத்தம்.

நசீரா. ஒரு கையில் பிளாஸ்டிக் கதிரை. மற்றக் கையில் அரிசிச் சுளகு. அறுபது வயதுப் பெண், முழங்கால் வீங்கி நொண்டி நடக்கிறவர்.

“பாஸ் அண்ணன், இண்டைக்கும் போகல்லையா?”

“வீட்டை ஆர் பாக்கிறது?” என்றேன்.

“நான் பாக்கிறன். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வந்து இந்தக் கேற்றை எவ்வளவு தட்டினன் தெரியுமா? உள்ள இருந்துகொண்டே திறக்கல்ல. உங்கட மனுசி உசிரோட இருந்தா உங்களை இப்படி இருக்க விடுவாவா? போங்க. போய்க் கும்பிட்டுட்டு வாங்க.”

கதிரையை என் கேற்றுக்கு முன்னால் ஒழுங்கையில் போட்டு, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு ஓடினேன்.

கோயிலில் போய் இருந்தேன்தான். மனம் இருக்கவில்லை. பிரசங்கம் தொடங்கினதும் பின்பக்கத்தால் எழுந்து வீட்டுக்கு வந்தேன். நசீரா அதே இடத்தில் இருந்தார்.

“என்ன அண்ணன், அதுக்குள்ள முடிஞ்சிட்டா?”

“இல்லை… மூக்குக்கண்ணாடியை விட்டிட்டுப் போனனான்.”

“அது உங்கட மூக்கிலதான் இருக்கு.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போங்க, போங்க. உங்கட வூட்டைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு முழங்கால் விடாது,” என்றார். திரும்பிப் போய்க் கடைசி ஜெபம் வரைக்கும் இருந்தேன்.

அதில் இருந்து ஞாயிறு காலை என் வீட்டுக்கு நசீரா காவல். வெள்ளிக்கிழமை மத்தியானம் காசிம் பள்ளிவாசலுக்குப் போக, நசீரா கிண்ணியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவார். அந்த நேரம் அவர்கள் வீட்டுக்கு நான் காவல். பாஸ்கா முடிந்த கிழமை நானே சம்மட்டி எடுத்து மதிலை உடைக்கத் தொடங்கினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காசிம்.

“கட்டினது ஆரு பாஸ்? கல்லு மாதிரி இருக்கே!”

“ஆர் கட்டுவான்? நான்தான்.”

“அதானே, கட்டினவனைப் போலவே அசையுதில்ல!” என்று காசிம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். என் வீட்டில் நான் சிரித்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் யோசித்தேன். இரண்டு நாளில் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டோம்.

இனித்தான் ஆண்டவர் செய்த காரியம். பெந்தெகோஸ்தே ஞாயிறு. ஆராதனை முடிந்து வருகிறேன், ஒழுங்கை நிறையச் சனம். சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். கேற்றைப் பார்த்தேன். ஆமைப்பூட்டில் பாதி வெட்டின தடம். நசீரா நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார்.

நடந்தது இதுதான். ஒரு ஓட்டோவில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். வேலைக்காரரைப் போல நீல உடுப்பு, கையில் இரும்பு வெட்டுகிற மெசின். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பூட்டை வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். திருத்த வேலை என்று நினைத்து ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை. மதில் இறங்கின பிறகு நசீரா தன் குசினிக்குள் நின்றே காவல் பார்ப்பவர்; அவர் மட்டும் மதிலுக்கு மேலால் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“என்ன செய்றீங்க?”

“கேற் பிணைச்சல் பழுதாம் உம்மா. பூட்டுத் திறப்பும் துலைஞ்சு போச்சாம். பாஸ்தான் அனுப்பினவர்.”

அவ்வளவுதான். நசீரா கத்தின சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று காசிம் சொன்னார். காசிமும் பக்கத்துக் கடை ஆட்களும் ஓடி வர, அவர்கள் மெசினையும் போட்டுவிட்டு ஓட்டோவில் பறந்துவிட்டார்கள். ஓட்டோ இலக்கத்தைக் காசிம் பார்த்து வைத்தார். மூன்றாம் நாள் பொலிசார் இரண்டு பேரையும் பிடித்தார்கள். முதல் களவும் அவர்கள் வேலைதான்.

“உனக்கெப்படி நசீரா தெரியும், அவங்கள் கள்ளர் எண்டு?” என்று கேட்டேன்.

“வேற என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பன்,” என்றார். “உங்கட கேற்றைத் திருத்த வேற ஆளை அனுப்பினீங்களாம்! செத்து மௌத்தானாலும் நீங்க அதில வேற ஒருத்தன்ட கை பட விடமாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?”

சனம் எல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழந்தாளில் விழுந்தேன். மூன்று வருஷமாக, என்னைத் தெரிந்தவள் போய்விட்டாள், இனி ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்து இருந்தவன் நான். ஆண்டவர் அனுப்பின காவல் என் குணத்தை அறிந்த ஒரு ஆள். நான் கேட்ட உடம்பும் இல்லை, நான் கேட்ட சபையும் இல்லை. ஆனால் கட்டாயம் அவர்தான் அனுப்பினார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தாலிக்கொடி கிடைக்கவில்லை. உருக்கிவிட்டார்களாம். அது எனக்கு இன்றைக்கும் நோகிறது. சாட்சி என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மகளுக்குப் போன் எடுத்தேன். “வீடு விக்கிறதில்லை பிள்ளை,” என்றேன். “ஓம் அப்பா, நானும் பாத்தனான்,” என்றாள். கமராவில் பதிந்ததை எல்லாம் பார்த்திருக்கிறாள், நசீரா கத்தினதில் இருந்து. வாற மார்கழியில் பிள்ளைகளோடு வருகிறாளாம்.

தனிமை முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பின்னேரம் விளக்குப் போடுகிற நேரம் இன்னும் கஷ்டம்தான். ஆனால் ஜெபித்து முடித்துக் கண்ணைத் திறந்தால், பக்கத்துக் குசினியில் சட்டி வைக்கிற சத்தம் கேட்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போலப் பூட்டின வீட்டுக்குள் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். கள்ளனுக்குப் பயந்தோ, வேறு எதற்குப் பயந்தோ. ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் ஆள் அனுப்புவார். அது என் சொந்த அனுபவம். ஆனால் கேட்டுவிட்டு உள்ளறைக்குள் போய் இருக்காதீர்கள். கேற்றில் தட்டினால் கேட்கிற இடத்தில் கதிரையைப் போட்டு இருங்கள்.