ரஞ்சிதம் டீச்சரின் வெள்ளிக்கிழமைகள்

பொகவந்தலாவை பஜாரில் சீனியும் பணிஸும் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அந்த அழைப்பு வந்தது. அன்று எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சிரமதானம். பெற்றோர் வந்து மைதானத்து ஓரத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஊற்றுவது ரஞ்சிதம் டீச்சர் பொறுப்பு, சாமான் வாங்கிவருவது என் பொறுப்பு. குளவி கலைந்துவிட்டது, ரஞ்சிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார் பாடசாலை அதிபர். குளவி கொட்டுவது எங்கள் மலைகளில் புதிதில்லை. முகம் வீங்கிக் கொஞ்ச நாள் கிடப்பார், பிறகு அதை வைத்துக் கேலி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவரை அறிந்த உங்களில் பலருக்கும் என்னைப்போலவே நம்ப முடியாமல்தான் இருந்திருக்கும். காலையில் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவர். ஜன்னலோர இருக்கைக்காக வழக்கம்போல என்னோடு மல்லுக்கு நின்றவர். நோயில்லை, நொடியில்லை. என் வயதுக்காரர். இன்றும் பஸ்ஸில் ஏறினால் அந்த இருக்கையை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். என்ன செய்கிறேன் என்று ஓரிரு வளைவு தாண்டிய பிறகுதான் உறைக்கிறது.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, எங்கள் பாடசாலைக்கு மூன்றாம் தரம் படிப்பிக்க வந்தவர் ரஞ்சிதம். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் நேரே பதில் சொல்லமாட்டார். “எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும், சொல்லுங்க?” என்பார். தெரிந்தாலும் அதே பதில்தான். பிள்ளைகள் கூடிக் கதைத்துத் தோட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்வார்கள். கோயில் பூசாரி, லொறி சாரதி, கொழுந்து பறிக்கும் ஒரு தாய், யாராகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை அந்த ஆள் வகுப்புக்கு வந்து பதில் சொல்லவேண்டும். அவர் உட்கார அதிபரின் நாற்காலியையே பிள்ளைகள் தூக்கிப்போவார்கள். அந்த நேரம் முழுவதும் அதிபர் நின்றுகொண்டுதான் வேலை பார்ப்பார். முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். அதுவரை பிள்ளையை வாசல் படலையோடு விட்டுவிட்டுத் திரும்பிய தாய்மார் பலர் பாடசாலைக்குள் காலடி வைத்தது இந்த வெள்ளிக்கிழமைகளில்தான்.

ஒருமுறை தோட்டத்துக் கண்டாக்கையா வந்திருந்தார். மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற பெரிய மனிதர். தேயிலைச் செடிக்கு ஏன் கவ்வாத்து வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்க, அவரும் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, எங்கம்மா மலையில நிக்கிறப்ப ஒண்ணுக்கு வந்தா எங்க போவாங்க?” என்றாள். அடுத்த வகுப்பில் நின்ற நான் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கண்டாக்கையா தண்ணீர் கேட்டுக் குடித்தார். கடைசியில் தெரியாது என்றார். ரஞ்சிதம் சிரிக்கவில்லை. “தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீங்களே ஐயா, அது போதும். யாருக்குத் தெரியும்னு நீங்களும் கேட்டுப் பாருங்க” என்று மரியாதையாக வழியனுப்பினார். கண்டாக்கையா பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச காலத்தில் தகரத்தால் ஒரு மறைப்பு எழும்பியது.

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத சண்டை. நான் படிப்பிப்பது ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை என் தலைக்கு மேல் நிற்கும். கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைகள் என்னிடம் வந்து வினாத்தாளையே கேள்வி கேட்கின்றன என்று எரிந்து விழுவேன். அவர் அசையமாட்டார். “நீங்க கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குங்க டீச்சர். நான் பதிலைத் திருப்பிக் கேக்கப் பழக்குறேன். புள்ளைக்கு ரெண்டும் வேணும்” என்பார். சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதியை எடுத்துக்கொள்வார்.

சாவு வீட்டில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. அந்த வாரம் தர்ஷினி என்ற மூன்றாம் தரத்துப் பிள்ளை, குளவிக்கூட்டுக்குள்ளே என்ன இருக்கும் என்று கேட்டிருந்தாள். யாரைக் கூப்பிடலாம் என்று வகுப்பு யோசித்துக்கொண்டிருந்த நேரம். குளவி கலைந்ததும் ஓடியவர்கள் திரும்பிவந்தபோது, மைதானத்து ஓரத்தில் உடைந்த கூட்டுக்குக் கீழேதான் ரஞ்சிதம் கிடந்தார் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் கூட்டைப் பார்க்கப் போய்த்தான் டீச்சர் செத்தார் என்று தாமாகவே முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் கேள்விதான் டீச்சரைக் கொன்றது என்று ஒருவர் சொல்ல, தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதும் அதையே சொன்னது. தர்ஷினியின் காதிலும் அது விழுந்தது. பெற்றோர் சிலர் அதிபரிடம் வந்து இனி வெள்ளிக்கிழமை வேலையெல்லாம் வேண்டாம் என்றார்கள். அதிபர் மூன்றாம் தரத்தையும் என்னிடம் தந்து, புத்தகத்தை மட்டும் நடத்துங்கள் என்றார். நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் எதற்கும் மறுப்புச் சொல்லத் தெம்பில்லை.

தர்ஷினி பாடசாலைக்கு வர மறுத்திருக்கிறாள். தாய் இழுத்துவந்து விட்டுப் போனார். பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்கவில்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் கேட்டதாலயா டீச்சர் செத்துட்டாங்க?”

அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பெரியவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் அங்கே இருக்கவில்லை. வெறும் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பது ரஞ்சிதத்திடம் படித்த பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு, எப்படி வந்ததோ, யாருக்குத் தெரியும் என்றும் கேட்டுவிட்டேன். வகுப்பு அப்படியே நிமிர்ந்தது. கணேசன் மாமாவுக்குத் தெரியும், அவர்தான் அந்தப் பக்கம் வெட்டினார் என்றது ஒரு குரல்.

கணேசன் அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன். சம்பவத்துக்குப் பிறகு அவர் தன் வீட்டுக் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நானே லயத்துக்குப் போய் அழைத்தேன். கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டுக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தார், ஒரு கண் இன்னும் வீங்கியபடி. நாற்காலியை அன்று அதிபரே தூக்கிவந்து போட்டார். கணேசன் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சரு கூட்டைப் பார்க்க வரல பாப்பா. அவங்க அடுப்புக்கிட்ட நின்னாங்க. கெளையை வெட்டுனது நான். கூடு இருந்தது தெரியாம வெட்டிட்டேன். கீழ இன்னும் பேச்சு வராத ரெண்டு சின்னப் புள்ளைங்க வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க. டீச்சரு ஓடியாந்து அதுங்க மேல சேலையை விரிச்சு, மேலேயே படுத்துக்கிட்டாங்க. நான் ஓடிட்டேன். அப்புறம் திரும்பி வந்து புள்ளைங்களை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடுனேன். டீச்சரைத் தூக்க முடியல.”

பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுவரைக்கும் எங்கிட்ட யாருமே கேக்கல” என்றார்.

அதன் பிறகுதான் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். தர்ஷினி எழுந்துபோய்த் தன் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினாள். அதிபர் வாசலுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டார். அன்று இடைவேளையில் தர்ஷினி சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமைகளை நிறுத்தச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அவரிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சேலையும் புகைப்படமும் வீட்டாரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவருடைய வகுப்பு. நான் ஆறுதல் சொல்லி வாயை மூடியிருந்தால் அந்தப் பிள்ளை செய்யாத கொலையைச் சுமந்தே வளர்ந்திருக்கும். கேட்கிற தைரியத்தை அதற்கு ரஞ்சிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தைரியம் அவிந்துபோகாமல் பார்ப்பது இனி என் வேலை. எனக்கு அது லேசில் வராது, அவருக்கே தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கான கேள்வியையும் தர்ஷினிதான் கேட்டிருக்கிறாள். டீச்சருக்கு ரொம்ப வலித்திருக்குமா என்று. யாரைக் கூப்பிடுவது என்று வகுப்பு என் முகத்தைப் பார்க்கிறது. எனக்குத் தெரியவில்லை, ரஞ்சிதம்.