பூஜையிலிருந்து நான் எடுத்த கணக்குப் புத்தகம்

மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் தாராவிச் சந்தில் லேத் பட்டறை போட்டேன். அந்த வருமானத்தில் செம்பூரில் வீடு பிடித்தேன். தங்கைக்குப் பட்டம் வாங்கிய மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்தேன். இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஹிந்தி கற்றதே வசவு வாங்கித்தான். இந்த வரிசையில் ஓர் இன்ஜினீயரையும் சேர்க்க வேண்டும். அவரையும் நான்தான் உருவாக்கினேன்.

அவர் அந்த மாப்பிள்ளையேதான். இன்ஜினீயரிங் படித்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தார். செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய நிறுவனம் இன்ஜினீயர் வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்தது. வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வில் பாதி கால்குலஸ். அவருக்கோ எல்லாம் மறந்து போயிருந்தது.

"ஒண்ணு மட்டும் மாறினா சமாளிச்சிருவேன் மச்சான். இது மூணும் சேந்து மாறுத கணக்கு," என்றார்.

"பட்டறையில கரண்டு, கூலி, கஸ்டமர் மூணும் தெனம் மாறத்தான் செய்யுது. நான் என்ன ஊருக்கா ஓடிட்டேன்? நல்ல புஸ்தகமா பாத்துப் படியும் மாப்ளே."

எது நல்ல புத்தகம் என்று கேட்க, படித்த தமிழர்கள் குடியிருந்த மாட்டுங்காவுக்குப் போனார். அங்கே ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவரும் தன் புரொபசர் புகழ்ந்த புத்தகத்தையே சொன்னார்கள். "கணக்கு போடறதெல்லாம் அப்புறம். முதல்ல தத்துவம் புரியணும்," என்றாராம் ஒருவர். கணக்கே போடாமல் கணக்குப் படிக்கிற கூட்டம்! மாப்பிள்ளை செங்கல் செங்கலாகத் தடிப் புத்தகங்களை இரவல் வாங்கிப் பஸ்ஸில் சுமந்துவந்தார். பழுப்புக் காகிதத்தில் அழகாக அட்டை போட்டார். அதோடு படிப்பு முடிந்தது. கஷ்டமான இடம் வந்தாலே, 'இதை வாசகரே நிறுவிக்கொள்ளலாம்' என்று அந்தப் புத்தகங்கள் கைகழுவிவிடுகின்றன என்று என்னிடம் புலம்பினார்.

நான் தாராவியில் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுதினவன் பக்கத்துக்குப் பக்கம் கணக்கைப் போட்டே காட்டியிருந்தான். கடைசியில் விடையும் இருந்தது. லேத்தில் கடைந்த உருப்படியை மாதிரியோடு வைத்துப் பார்க்காமல் நான் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. விடை இல்லாத கணக்குப் புத்தகம் யாருக்கு வேண்டும்?

"இது வெறும் கைடு மச்சான். மாட்டுங்காவுல பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீரு போடும்."

போட்டார். நன்றாகவே வந்தது. கன அளவு கண்டுபிடிக்கிற கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. அதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. விஜயதசமிக்கு மறுநாள் தேர்வு. மனிதர் தடிப் புத்தகங்களோடு ஒல்லியையும் பூஜையில் அடுக்கி, குங்குமம் வைத்துவிட்டு, நிம்மதியாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்குப் புஸ்தகத்தத் தொடக்கூடாதுல்லா," என்றார், லீவு கிடைத்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

என் லேத்துக்கும் அன்று பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருந்தேன். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் லேத்துக்குத் தேர்வு இல்லையே! நேரே போய், ஒல்லிப் புத்தகத்தை உருவினேன். மேலே இருந்த தடியன்கள் சரிந்து விழுந்தன.

"அண்ணே! சாமிக்கு வச்சதுண்ணே!" என்று தங்கை அலறினாள்.

"சரஸ்வதிக்கு இதெல்லாம் தெரியும்ட்டி. இவருக்குத்தான் தெரியாது."

சுண்டல் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு, "மச்சான், விடை ஒத்து வருது!" என்று அவரே கத்தினார். தேர்வில் அந்தப் பாடத்திலிருந்தே பெரிய கேள்வி வந்தது. வேலையும் கிடைத்தது.

அவர் ஓய்வு பெற்றபோது மாட்டுங்காவில் பாராட்டு விழா வைத்தார்கள். சரஸ்வதிக்கு நன்றி, புரொபசர்களுக்கு நன்றி, புத்தகம் இரவல் தந்த பெரியவர்களுக்கு நன்றி என்று மூச்சுவிடாமல் பேசினார். முன்வரிசையில் நான் மாலைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை இதைப் படிப்பார். அதனால் எழுதுகிறேன்: அடுத்த மேடையில் அந்தத் தடிப் புத்தகக்காரர்களைச் சொல்வதற்கு முன்னால், சுண்டலைப் பிடுங்கியது யார் என்று மைக்கில் சொல்லும். என் பெயரோடு.